அப்பாவுக்கு நீ கொடுத்த பால்

குமார், சாப்பிட்டு முடித்து, போனை அணைத்து வைத்துவிட்டு, உட்கார்ந்து இதைப் படி. நின்றுகொண்டே படிக்கிற விஷயம் இல்லை. நேரில் சொல்லலாமே என்று கேட்பாய். சேர்ந்தாற்போல் மூன்று வாக்கியம் பேசினால் எனக்கு மூச்சு வாங்குகிறது. நீயோ இரண்டாவது வாக்கியத்திலேயே "ரெஸ்ட் எடும்மா" என்று எழுந்து போய்விடுகிறாய். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை. மூச்சு வாங்கினால் பேனாவை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், காகிதம் எழுந்து போகாது. தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். சொந்தப் பிள்ளைக்கு இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. நீதான் எழுதும்படியான தூரத்துக்கு எங்கேயும் போகவில்லையே. பெங்களூருக்குள்ளேயே நீலசந்திராவிலிருந்து வைட்ஃபீல்டுக்குப் போனாய், அதற்கும் என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போனாய். இதை நீ படித்த பிறகு மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் சொல்லப்போகிற டம்ளர் நம் வீட்டில் மட்டும் இல்லை.

போன வாரம் டாக்டர் அறையில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். என் நுரையீரல் காய்ந்து சுருங்கிக்கொண்டே வருகிறது, அதைத் திருப்பிக் கொண்டுவர மருந்து இல்லை, கட்டில் பக்கத்தில் உறுமிக்கொண்டிருக்கிற ஆக்ஸிஜன் மெஷின் எனக்குத் துணையே தவிர வைத்தியம் இல்லை. இதெல்லாம் உனக்கும் எனக்கும் மருமகள் கவிதாவுக்கும் ஏற்கெனவே தெரியும். அன்றைக்கு டாக்டர் புதிதாக ஒன்றைக் கேட்டார். அடுத்த முறை மூச்சு ரொம்ப மோசமானால் தொண்டைக்குள் குழாய் போட்டு வெண்டிலேட்டரில் வைக்க வேண்டிவரும், வைத்த பிறகு எடுக்கவே முடியாமலும் போகலாம், வைக்கலாமா வேண்டாமா என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் சொல்ல நான் மூச்சை இழுத்தேன். அதற்குள் நீ, "என்னென்ன இருக்கோ எல்லாம் பண்ணுங்க டாக்டர், எதையும் விட்டுடாதீங்க" என்றாய். உன் கை நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது. அதைப் பார்த்ததும் இழுத்த மூச்சை அப்படியே விட்டுவிட்டேன். திரும்பி வரும்போது மாரத்தஹள்ளி டிராஃபிக்கில் வண்டி நின்றிருந்தது. "எனக்கு வேணாம்னா?" என்று கேட்டேன். "வேணாம்னு சொல்ற உரிமை உனக்குக் கெடையாதும்மா" என்றாய். பின்சீட்டில் கவிதா மூச்சு விடவில்லை. நம் வீட்டில் ஒழுங்காக மூச்சு விடக்கூடியவள் அவள் ஒருத்திதான், அவளும் விடாவிட்டால் எப்படி?

அம்மா மேல் பாசம் என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். பாசம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாசத்துக்கு அடியில் ஒரு டம்ளர் பால் இருக்கிறது. உன் அப்பா போனதிலிருந்து அது அங்கேயே இருக்கிறது. உனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு நானும், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு நீயும், இத்தனை வருஷம் அதைத் தாண்டித் தாண்டி நடந்திருக்கிறோம். உன் கல்யாணத்தில் பால் பழம் கொடுத்தபோது நீ பழத்தை மட்டும் விழுங்கிவிட்டு, பாலை உதட்டில் வைத்ததுபோல் வைத்து டம்ளரைக் கவிதாவிடம் தள்ளிவிட்டாய். மாப்பிள்ளைக்கு வெட்கம் என்று கவிதா வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். இந்த ஃபிளாட்டுக்குக் குடிவந்த அன்று அடுப்பில் பால் பொங்குகிற நேரம் பார்த்து உனக்கு ஆபீஸிலிருந்து போன் வந்தது. வந்ததா, நீயாகக் காதில் வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாயா என்று நான் கேட்கவில்லை. சின்ன வயதில் காப்பியில் ஆடை மிதந்தால் விரலால் எடுத்துச் சாப்பிட்டவன் நீ. அப்பா போன பிறகு எங்கே போனாலும் லெமன் டீ கேட்கிறாய். டீச்சர்களுக்குப் பின்மண்டையிலும் கண் உண்டு என்று நீயே சொல்லியிருக்கிறாய். அந்தக் கண் ஓய்வு பெறவில்லை.

அப்பாவைப் பற்றிக் கவிதாவுக்குத் தெரியாது, அவளுக்காகவும் சொல்கிறேன். அவர் பால் டெய்ரியில் வேலை பார்த்தார். பிளாஸ்டிக் பெட்டி பெட்டியாகப் பால் பாக்கெட்டை இறக்கி ஏற்றிப் பாதி ஆயுசைக் கழித்தவர். உடைந்த பாக்கெட்டெல்லாம் அவர் சட்டையில்தான் ஊறும். அந்தச் சட்டையைத் தனி வாளியில் ஊறவைத்தால்தான் வீட்டில் மனிதர் இருக்க முடியும். ஊருக்கெல்லாம் பால் ஏற்றி அனுப்பிய மனிதருக்குப் பால் வாசனையே ஆகாது. "நாள் பூரா பால்ல முங்கி எழுந்து வரேன், வீட்லயும் அதே கண்றாவியா?" என்பார். அவருக்கு வரக்காப்பிதான். மோர் கலந்த சாதத்தைக்கூட மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு சாப்பிடுவார். டெய்ரிக்காரர் வீட்டுப் பிள்ளை என்று உன்னை மட்டும் டம்ளர் டம்ளராகக் குடிக்க வைத்தார், மூக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றபடியே.

உணவுக்குழாயில் புற்று என்று தெரிந்தபோது நீ எலெக்ட்ரானிக் சிட்டியில் முதல் வேலையில் சேர்ந்திருந்தாய். கரண்ட் வைத்தார்கள், அதாவது கதிர்வீச்சு, கொஞ்ச நாள் நன்றாக இருந்தார், பிறகு மறுபடி வந்துவிட்டது. இனி மருத்துவமனையில் வைத்துச் செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று அங்கிருந்த பெரிய டாக்டர் சொன்னபோது உனக்கு வந்த கோபம் எனக்கு நினைவிருக்கிறது. கைவிட்டுட்டாங்க என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினாய். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் நீலசந்திராவில் நம் ஒற்றை அறையில், தெருக்குழாய்ச் சண்டையும் பள்ளிவாசல் பாங்கும் கேட்கிற கட்டிலில் படுத்ததும் அவர் முகம் தெளிந்ததை நீயும் பார்த்தாய். வீட்டுக்கே வந்து பார்க்கிற நர்ஸ் ஒருவரை அந்த டாக்டர்தான் ஏற்பாடு செய்து கொடுத்தார். கோலார் பக்கத்துப் பெண், பாதித் தமிழும் பாதிக் கன்னடமும் பேசும். நாம் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். சிஸ்டர் கொண்டுவந்த மார்ஃபின் மாத்திரையைப் பார்த்து, கொடுத்தால் அடிமையாகிவிடுவார் என்று நீ தயங்கினாய். சாகப்போகிறவர் எதற்கு அடிமையானால் என்ன என்று நான் கேட்டேன். குரூரமாகத்தான் கேட்டேன், ஆனால் அன்று ராத்திரி அவர் முனகாமல் தூங்கினார். நாமும் தூங்கினோம்.

மூக்கில் ஒரு குழாய் இருந்தது, அதில்தான் மாத்திரைக் கரைசலும் ராகிக் கஞ்சியும் பாலும் இறங்கும். "நாக்குல படாம போவுதில்ல, போவட்டும்" என்று கம்மிய குரலில் அவரே கேலி பேசினார். கடைசி நாட்களில் அந்தக் குழாயைத் தானே பிடுங்கிவிட்டார். திரும்பப் போடட்டுமா என்று சிஸ்டர் அவரிடமே கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினார். "அவருக்குப் பசி இல்லம்மா. ஒடம்பு ஒவ்வொண்ணா நிறுத்திட்டு வருது" என்றாள் சிஸ்டர். சாப்பாடு போடாமல் ஒரு மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நமக்கு மட்டும் உலை வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் வைத்தேன், சாப்பிட்டேன். நீ சாப்பிடவில்லை. ஆபீஸ் பஸ்ஸில் போகும்போது ஏதாவது தின்றுகொள்கிறேன் என்று பொய் சொன்னாய்.

அந்தக் கடைசி நாள் காலையில் சிஸ்டர் வந்து அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள், மூச்சு எப்படி வருகிறது என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நம் இரண்டு பேரையும் வாசலுக்குக் கூப்பிட்டாள். "இன்னிக்கோ நாளைக்கோதான். இனிமே வாயி வழியா ஏனூ பேடாம்மா, எதுவும் வேணாம். தண்ணிகூட நுரையீரலுக்குப் போயிடும். பஞ்ச நனைச்சு ஒதட்டுல வைங்க, அஷ்டே, அவ்வளவுதான்" என்றாள். நீ தலையாட்டினாய். கேட்டாய், புரிந்துகொண்டாய். உன்னைத் தின்பது அதுதான் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் எப்போதோ அழுது தீர்த்திருப்பாய்.

சிஸ்டர் போய்க் கொஞ்ச நேரத்தில் வாணியம்பாடியிலிருந்து உன் அத்தை வந்து இறங்கினாள், அப்பாவுக்கு அக்கா. கூடவே ஒரு வேன் நிறையச் சொந்தம். தம்பி முகத்தைப் பார்த்து அழுதாள், மூக்கில் குழாய் இல்லை என்றதும் அழுகையை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, படிச்சவதான நீ? புருசன பட்டினி போட்டா அனுப்பறது?" என்றாள். நான் சிஸ்டர் சொன்னதைச் சொன்னேன். "அந்தப் பொண்ணுக்கு என்னா தெரியும், நம்ம மொறயும் தெரியாது, பாசையும் தெரியாது" என்று நேராக அடுப்படிக்குப் போய்ப் பாலைக் காய்ச்சினாள். ஆற்றி, டம்ளரையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு வந்தாள். நான் அவர் தலையை மடியில் வைத்திருந்தேன். எழுந்து அவளைத் தடுக்க வேண்டுமென்றால் அவர் தலையைக் கீழே வைக்க வேண்டும், நான் வைக்கவில்லை. இதையும் நீ தெரிந்துகொள். அந்த அறையில் வேண்டாம் என்று சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டியவள் நான்தான், என் பிள்ளை இல்லை.

அத்தை கரண்டியை வாய்ப் பக்கம் கொண்டுபோனாள். அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். மறுபடி கொண்டுபோனாள், முகத்தை என் வயிற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார். சாகக் கிடக்கிறவருக்கு அவ்வளவு பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே ஆச்சரியம். இதை நீ பார்க்கவில்லை. நீ அப்போது வாசலில் அவர்கள் வந்த வேனை நகர்த்தச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தாய். அத்தை உன்னைக் கூப்பிட்டாள். "வாடா இங்க. பெத்த புள்ள கையால ஒரு முழுங்கு எறங்கலன்னா எந்தம்பி கட்ட வேகாது. அதுக்குத்தான் உசுர புடிச்சுக்கினு கெடக்கறான், ஊத்துடா" என்றாள். அறை நிறையக் கூட்டம், எல்லோரும் உன்னையே பார்த்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ மண்டிபோட்டு உட்கார்ந்து ஒரு கரண்டி கொடுத்தாய். தொண்டையில் அடைத்தது. இருமினார், முகம் கறுத்தது, பால் வாயோரம் வழிந்து என் புடவையில் இறங்கியது. பிறகு இருமல் அடங்கியது, ஆனால் மூச்சில் ஒரு கரகரப்பு வந்துவிட்டது. சாயங்காலம் விளக்கேற்றுவதற்குள் போய்விட்டார். உன் கையால் பால் வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போனான் என்று அத்தை தெருவெல்லாம் சொன்னாள். நீ அன்றிலிருந்து அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாய்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு சிஸ்டர் ஒரு நாள் விசாரிக்க வந்தாள். நீ ஆபீஸில் இருந்தாய். நான் பால் கொடுத்ததைச் சொல்லி, அதனாலா என்று நேராகவே கேட்டேன். அவள் சுற்றி வளைக்கவில்லை. காலையில் பார்த்தபோதே பாதம் குளிர்ந்துபோயிருந்தது, மூச்சு விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது, அந்த நிலைக்கு வந்தவர்கள் பால் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் திரும்புவதில்லை என்றாள். அந்தக் கரகரப்பும் பல பேருக்குக் கடைசியில் தானாகவே வருவதுதான் என்றாள். உங்கள் பிள்ளை கேட்டால் நான் வந்து சொல்கிறேன் என்றும் சொன்னாள். நீ கேட்கவே இல்லை. நீ கேட்காததால் நானும் சொல்லவில்லை, கேட்காத பிள்ளையிடம் பேச்செடுத்து ஆறின புண்ணைக் கிளறுவானேன் என்று இருந்துவிட்டேன். அது ஆறவே இல்லை என்பது டாக்டர் அறையில் உன் கையைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுசாக உறைத்தது.

நான் உனக்கு ஆறுதலுக்காகப் பொய் சொல்லப் போவதில்லை. அந்தக் கரண்டி இல்லாவிட்டால் இன்னும் ஒரு ராத்திரி இருந்திருப்பாரா என்றால், இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? அந்த இருமல் இல்லாமல் போயிருந்தால் எனக்கும் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவரைக் கொன்றது நோய், நீ இல்லை. இன்னொன்றும் இருக்கிறது, அது எனக்கு மட்டுமே தெரிந்தது, ஏனென்றால் அவர் முகத்துக்கு நேர் மேலே என் முகம் இருந்தது. அத்தையின் கரண்டிக்கு இரண்டு முறை வாயை மூடிக்கொண்டவர், நீ வந்து உட்கார்ந்ததும் கண்ணைத் திறந்தார். உன்னைப் பார்த்தார். பிறகு கரண்டியைப் பார்த்தார். அதில் இருப்பது என்ன என்று அந்த மூக்குக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அவராகவே வாயைத் திறந்தார். யாரும் திறக்கவில்லை குமார், நான் தாடையைத் தொடக்கூட இல்லை. அத்தனை வருஷம் நம் வீட்டில் சொட்டுப் பாலை நாக்கில் வைக்காத மனிதர், நீ கொடுக்கிறாய் என்பதற்காகத் திறந்தார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அழுகையும் வரும், கொஞ்சம் பொறாமையும் வரும். நான் கெஞ்சிக் கெஞ்சிக் கொடுத்த மோரைக்கூட அவர் ஒருநாளும் ஒழுங்காகக் குடித்ததில்லை.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு ஒன்றைச் செய்து இழந்துவிட்டோம், அம்மாவுக்கு எதையும் விடாமல் செய்து காப்பாற்றிவிடலாம் என்று நீ நினைக்கிறாய். நான் உன் பரீட்சைத் தாள் இல்லை, போன தடவை விட்ட மார்க்கை இந்தத் தடவை வாங்க. எனக்குத் தொண்டையில் குழாய் வேண்டாம். ஐ.சி.யூ. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், நேரம் பார்த்து உள்ளே விடுகிற இடத்தில் என் உயிர் போக வேண்டாம். முந்தாநாள் நீ ஆபீஸ் போன பிறகு கவிதாவைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். அவளைத் திட்டாதே, வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு வருகிறாயா இல்லையா என்று மிரட்டித்தான் கூட்டிப்போனேன். சாதாரண சளி ஜுரத்துக்கு மருந்து கொடுங்கள், அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லவில்லை, மெஷினில் மட்டும் போடாதீர்கள் என்றேன். மூச்சுத் திணறாமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்டேன், எனக்கு அந்தப் பயம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. முடியும் என்றார். அதே மார்ஃபின்தான், சின்ன அளவில் கொடுத்தால் மூச்சுத் தவிப்பு அடங்குமாம். வீட்டுக்கு நர்ஸ் வர ஏற்பாடு செய்கிறேன் என்றார். முகத்துக்கு நேராக ஒரு சின்ன ஃபேன் வைத்தாலே பாதித் தவிப்பு குறையும் என்றார். அதை வழியிலேயே வாங்கிவிட்டோம், மேஜைமேல் இருக்கிறது. நீ நேற்று அதைப் பார்த்துவிட்டு "ஏசி இருக்கறப்ப இது எதுக்கு?" என்று கேட்டாயே, அதற்குத்தான்.

அதனால் நீ முடிவெடுக்க வேண்டிய வேலை இல்லை, நான் எடுத்துவிட்டேன். அந்த நேரம் வரும்போது எனக்குப் பேச்சு வராது, அப்போது நான் சொன்னதை நீ திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கஷ்டமான வேலை என்று தெரியும். ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணக் கை போகும். நர்ஸுக்குப் பண்ணு. ஜன்னலைத் திற, ஃபேனைப் போடு, தலையை உயர்த்தி வை, கொடுக்கச் சொன்ன மருந்தைக் கொடு, பக்கத்தில் உட்கார். லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, நீ இருக்கிறாய் என்று தெரிந்தால் போதும். ஆட்கள் வருவார்கள், இன்னும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லையா என்று கேட்பார்கள். உன் ஆபீஸ்காரர்கள் இங்கிலீஷில் கேட்பார்கள், சொந்தக்காரர்கள் தமிழில் கேட்பார்கள். அம்மா வேண்டாமென்று சொன்னாள் என்று எல்லோருக்கும் ஒரே பதிலாகச் சொல். அப்பா விஷயத்தில் நான் செய்யாததை நீ செய்துவிடு, சத்தமாகச் சொல்.

அத்தையும் வருவாள். இப்போது கண் சரியாகத் தெரியவில்லை என்றாலும் யார் கையையாவது பிடித்துக்கொண்டு வந்துவிடுவாள். வந்ததும் உன் அடுப்படியில் பால் எங்கே இருக்கிறது என்று தேடுவாள். நீ அவளைத் தடுக்காதே, காய்ச்சட்டும். அவளுக்கும் அது ஒன்றுதான் செய்யத் தெரியும், அன்றைக்கும் அதுதான் தெரிந்தது. டம்ளரை மட்டும் அவளிடமிருந்து நீ வாங்கிக்கொள். கரண்டி வேண்டாம், பஞ்சை நனைத்து என் உதட்டில் வை. ஒரு சொட்டு உள்ளே போய் நான் இருமினாலும் பயப்படாதே, இருமிவிட்டுப் போகிறேன். உன் அப்பாவுக்குத்தான் பால் ஆகாது, எனக்குப் பிடிக்கும். நன்றாகச் சர்க்கரை போட்டுக் கொண்டு வா. சுகர் சுகர் என்று இத்தனை வருஷம் என் டம்ளரை எட்டிப் பார்த்தது போதும்.